வெளி நிபுணரின் நாற்காலி

அன்று பிற்பகல் மீன்வளக் கல்லூரியின் மாடி ஆய்வகத்தில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டீன் இவாஞ்சலின் மொன்சாலே. பணியாளர் பிரிவு அதிகாரி ருதி நுலாதா. மூத்த பேராசிரியை பிலோமினா தாபரெஸ். இந்த மூவரும் தேர்வுக் குழு. வேலைக்கு வந்தவர்கள் இருவர்: செபுவிலிருந்து டாக்டர் கிளெமென்ட் உசோன், எங்கள் வீட்டுப் பெண் ஜோனலின் கரிங்காலாவ், என் தம்பி மகள். வாசலுக்கு வெளியே நடையில் கிடந்த பெஞ்சில் நான், சொலெதாத் கரிங்காலாவ், அதே கல்லூரியில் ஓய்வு பெற்றவள். மாடிப்படியில் வேன் ஓட்டுநர் பெர்த்திங்.

டாக்டர் ஹொனொராத்தோ தாலெயோன் அப்போது ஊரின் மறுகோடியில், தன் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி மூடிய சவப்பெட்டிக்குள் இருந்தார்.

வேலை அவருடையது. கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பற்றிப் பாடம் சொல்லும் பேராசிரியர் இடம். வயது முடிந்து அவர் ஓய்வு பெற்றதும் அது காலியானது. அரசுப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர இடம் புதிதாக முளைக்காது. யாராவது ஓய்வு பெற வேண்டும், அல்லது சாக வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் இளம் ஆசிரியர்கள் மூத்தவர்களின் இருமலைக்கூடக் காது கொடுத்துக் கேட்பார்கள். சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் உண்மை.

ஜோனலின் ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் இருந்தாள். ஜூனில் ஒரு கையெழுத்து, டிசம்பரில் ஒரு கையெழுத்து. தாலெயோனின் ஆய்வகத்தில் அவள்தான் உதவி விரிவுரையாளர், அவள்தான் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிறவளும். கடலோடியான கணவன் போன இடம் தெரியாது. ஆறு வயதில் ஒரு மகள். இந்த இடம் கிடைக்காவிட்டால் புருனேயில் இறால் பண்ணை வேலைக்குப் போவதாக முகவரிடம் சொல்லிவைத்திருந்தாள். குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு.

தேர்வுக் குழுவில் உள்ளே இருந்து மூவர், வெளியே இருந்து துறை நிபுணர் ஒருவர். நால்வர் இல்லாமல் குழு கூட முடியாது. ஓய்வு பெற்றவர் வெளியாள்தானே என்று தாலெயோனையே நிபுணராகப் போட்டிருந்தார்கள். தன் இடத்துக்கு வருகிறவரைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய பொறுப்பு அது. தேதி குறித்தபின், அந்த வாரத் தொடக்கத்தில், குளியலறையில் விழுந்து இறந்துபோனார். நேர்முகத்துக்குக் குறித்த அந்த நாள்தான் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் கடைசி வேலைநாள். ஆண்டு முடிவதற்குள் நிரப்பாத இடம் தலைநகர் மணிலாவுக்குத் திரும்பிப் போகும். போனது மறுபடி வந்ததாக என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

டீன் விழுந்தடித்து வேறு நிபுணரைத் தேடினார். ரோஹாஸ் நகரத்திலிருந்து ஒருவர் பேருந்தில் வருவதாக ஒப்புக்கொண்டார். அந்தத் தைரியத்தில் குழுவினர் காலையில் சாவு வீட்டுக்குப் போய்வரக் கிளம்பினார்கள். கல்லூரி வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

சாவு வீட்டில் காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மூலையில் சிலர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். தாலெயோனுக்கு வெள்ளை பாரோங் சட்டை போட்டிருந்தார்கள். மூக்குக் கண்ணாடியைச் சரியாகக் கண்ணில் மாட்டியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அது எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். அதனால் எனக்கு அது வேறு யாரோ போலத் தெரிந்தது.

அவர் மனைவி இசாங் டீனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்குத்தானே நேர்முகம்? ஞாயித்துக்கிழமை பூரா அதே பேச்சுதான். சட்டையைக்கூட இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னார். அவரும் உங்களோட வர வேண்டியவர்."

"வரட்டும் மனாங், வரட்டும்," என்றார் டீன். மனாங் என்றால் அக்கா. அழுகிறவரிடம் வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னதுதான்.

சாவு வீட்டில் விருந்தாளியை வாசல்வரை வந்து வழியனுப்ப மாட்டார்கள். நாங்களாகவே எழுந்து வந்தோம். அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் எங்காவது இறங்கி, கூட வந்ததை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். பக்பக் என்பார்கள். எங்கள் ஊரில் அதற்குச் சந்தை முனை பேக்கரிதான் வழக்கம். ஒரு ரொட்டி தின்றுவிட்டு ஏறுவோம். இறந்தவர் வேண்டுமானால் பேக்கரியில் இருந்துகொள்ளட்டும்.

"பேக்கரில நிக்க நேரமில்ல," என்றார் டீன். "நேரா காலேஜுக்கு விடு, பெர்த்திங்."

"அப்ப பக்பக்?" என்று கேட்டார் பிலோமினா.

"காலேஜ் யாரோட வீடு? அங்க இறங்குறதே பக்பக்தான்."

"அதுவும் சரிதான்," என்றார் ருதி. "வீடில்லாத எந்த இடமா இருந்தாலும் செல்லும்."

"நீ எல்லாத்துக்கும் விதி வெச்சிருப்பியே," என்றார் பிலோமினா. வேனில் எல்லாரும் சிரித்தோம். மறுத்துப் பேச ஒருவருக்கும் தோன்றவில்லை.

கல்லூரி வாசலில் இறங்கினோம். பெர்த்திங் வேன் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றான்.

"யாருக்குடா கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற?" என்றேன்.

"யாருமில்ல, மேம்." கதவைச் சாத்திவிட்டு மாடிப்படிவரை என் குடையோடு வந்தான். அங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மேம், ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. அந்த மனுஷனுக்கு வீடு எது? அங்க தூங்கத்தான் போவாரு. ஓய்வு வாங்கினதுக்கப்புறமும் தினம் காலைல நான்தானே இங்க கொண்டுவந்து விட்டேன். நாம வழியில இறங்கல, மேம். அவரை அவர் வீட்டுல கொண்டாந்து விட்டிருக்கோம்."

"படியில உக்காரு. உளறாத," என்றேன். ஆனால் அவன் சொன்னது என் முதுகில் ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டது.

மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போயிற்று. ஆய்வகத்தின் கதவையும் சன்னல்களையும் திறந்து வைத்தார்கள். ஃபார்மலின் நெடியோடு தைல வாசனையும் வந்தது. தாலெயோன் கழுத்தில் தேய்த்துக்கொள்ளும் பச்சைத் தைலம். முப்பது ஆண்டு தேய்த்தால் சுவரில் ஊறாதா என்று நினைத்துக்கொண்டேன்.

டீன் என்னை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். மறுத்தேன். தம்பி மகள் தேர்வுக்கு நிற்கும் அறையில் என் நிழல்கூட விழக் கூடாது. என் தகப்பனார் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். தன் மகள் எழுதிய பரீட்சைத் தாள் தன் கைக்கு வந்துவிடுமோ என்று ஓர் ஆண்டு முழுக்கத் திருத்தும் வேலையையே வேண்டாம் என்றவர். எங்கள் குடும்பத்தில் யாரும் சிபாரிசில் வேலைக்குப் போனதில்லை.

பெஞ்சிலிருந்து பார்த்தால் மேசை முழுதும் தெரியும். நான்கு நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மடித்து வைத்த பெயர் அட்டை. நான்காவதில் தாலெயோனின் பெயர் அப்படியே இருந்தது. ருதி அதை எடுக்கப் போனார்.

"விடு," என்றார் பிலோமினா. "உடம்பு இன்னும் வீட்டுல கிடக்குது. அதுக்குள்ள பேரை எடுக்கணுமா?"

ரோஹாஸ் நிபுணர் வரவில்லை. டீன் கைப்பேசியோடு சன்னலுக்குச் சன்னல் அலைந்தார். அவர் வருவதற்குள் மாதிரி வகுப்புகளையாவது முடித்துவைப்போம், வந்ததும் வேண்டியதைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். உசோனை முதலில் அழைத்தார்கள்.

உசோன் ஜப்பானில் படித்தவர். எங்கள் தீவுக்கு வந்ததே அன்றுதான் முதல் தடவை. நல்ல உயரம், பணிவான பேச்சு. பெரிய தாள்களைக் கரும்பலகையில் ஒட்டி, கடல் சிவந்து நஞ்சாகும் சிவப்பு அலையில் பெருகும் நுண்ணுயிர்களைப் பற்றித் தெளிவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆசிரியையாக இருந்தவள். நல்ல பாடம் எதுவென்று தெரியும். நடுவில் அவர் இரண்டு முறை தடுமாறினார். மூன்றாம் முறை சிரித்தபடி மேசைப் பக்கம் கையைக் காட்டினார்.

"சார், மன்னிக்கணும். விரலைக் கொஞ்சம் இறக்கிக்குங்க. இந்தப் படத்தை முடிச்சிட்டு உங்க கேள்விக்கு வந்துடறேன்."

குழுவில் ஆண் ருதி ஒருவர்தான்; உசோன் பார்த்த பக்கத்தில் ருதி இல்லை. ருதியின் கைகள் மேசைக்கு அடியில் இருந்தன.

தாலெயோனிடம் படித்த எல்லாருக்கும் அந்த விரல் தெரியும். கேள்வி கேட்பதற்கு முன் வலது கைச் சுட்டுவிரலைக் காதுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு, பதில் சொல்பவர் தானே கவனித்து நிற்கும்வரை இறக்காமல் இருப்பார். டீனும் அந்த விரலுக்கு முன்னால் நின்று வியர்த்தவர்தான்.

"யாரோட விரல்?" என்று டீன் மெல்லக் கேட்டார்.

உசோன் நான்காவது நாற்காலியைப் பார்த்தார். பெயர் அட்டையைப் பார்த்தார். மறுபடி நாற்காலியைப் பார்த்தார். "இப்ப இங்க இருந்தாரே. கண்ணாடியை நெத்தியில மாட்டிக்கிட்டு. எழுந்து போயிட்டாரா?"

பிலோமினா சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். டீன், பாடம் போதும், நன்றி என்றார். உசோன் தாள்களைச் சுருட்டிக்கொண்டு நடைக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேம், அந்தப் பெரியவர் கோவிச்சுக்கிட்டாரா?"

"அவர் செத்து மூணு நாளாச்சு, தம்பி," என்றேன். மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்தபின், கொஞ்சம் சுற்றி வளைத்தே சொல்லியிருக்கலாமோ என்று பட்டது. தண்ணீர் கேட்டார். பெர்த்திங் கொண்டுவந்து கொடுத்தான்.

உள்ளே டீனின் கைப்பேசி அடித்தது. பேசிவிட்டு வைத்தார். "ஆத்துப் பாலத்துல தண்ணி ஏறிடுச்சாம். பஸ் திரும்பிப் போகுதாம். அவர் வர மாட்டார்."

"அப்ப முடிஞ்சுது, டீன்," என்றார் ருதி. "மூணு பேர். குழு கூடாது."

"நாலாவது ஆள் வந்திருக்கார்னு வெளியூர்க்காரரே சொல்லிட்டாரே. சாட்சி இருக்கு. எழுதிக்கோ."

"எழுதிக்கறேன். கையெழுத்து யார் போடுவா? நீங்க போய் அந்தப் பெட்டிக் கண்ணாடியைத் திறந்து வாங்கிட்டு வருவீங்களா?"

"ருதி!" என்று அதட்டினார் பிலோமினா. ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு.  மூவரும் நான்காவது நாற்காலியைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள்.

ஜோனலினை அழைத்தார்கள். அவள் கீழே நூலகத்தில் காத்திருந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். உள்ளே போனவள் கரும்பலகைக்குப் போகும் முன் மேசையைச் சுற்றி வந்து, நான்காவது நாற்காலியை ஒரு சாண் பின்னுக்கு இழுத்து வைத்தாள். ஒன்பது ஆண்டாகத் தினமும் அவருக்குச் செய்தது. கை தானாகச் செய்தது போலும். பிறகு சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள்.

அவள் பாடம் உசோனுடையதைவிடச் சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவள் என் இரத்தம். நான் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். ஓர் உயிரின் படத்தை வரைந்துகொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். தலையைச் சற்றே திருப்பினாள். "ஆமா சார்," என்று மெதுவாகச் சொல்லி, வரைந்த வாலை அழித்துவிட்டு மறுபக்கமாக வரைந்தாள். மேலே பேசினாள். கொஞ்சம் கழித்து மறுபடி நின்றாள். இந்த முறை தலையசைத்து, "இல்ல சார், இது சரிதான்," என்றாள். அதை அழிக்கவில்லை.

நடையில் என் பக்கத்தில் இருந்த உசோன் எழுந்து நின்றுவிட்டார். "பாருங்க," என்றார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை என்று சொல்ல மாட்டேன். நாற்காலியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தைல வாசனை மட்டும் கதவுவரை வந்தது.

பாடம் முடிந்தது. ஜோனலின் சுண்ணாம்புக் கையைத் துடைத்துக்கொண்டு குழுவின் முகங்களைப் பார்த்தாள். "என்ன ஆச்சு?"

டீன் எழுந்து நேராக என்னிடம் வந்தார். அவர் என் மாணவி. என்னிடம் கடிந்து பேசவும் தெரியாது, கெஞ்சவும் கூச்சப்படுவார். அன்று கெஞ்சினார்.

"மேம் சொலெதாத், நீங்க இதே துறை. ஓய்வு வாங்கினவங்க. நீங்க வெளி நிபுணர். உள்ள வந்து உக்காந்து ஒரு கையெழுத்துப் போடுங்க. போதும்."

"அவ என் தம்பி மக, இவாஞ்சலின்."

"யாருக்குத் தெரியும்? இந்த ஊர்ல பாதிப்பேர் கரிங்காலாவ். மணிலாவுல உக்காந்திருக்கறவன் எந்தக் கரிங்காலாவ்னு கேட்டுட்டா இருக்கப்போறான்?"

"ருதி, உன் விதி என்ன சொல்லுது?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

ருதி தலையைக் குனிந்துகொண்டார். "விதி உங்களுக்கே தெரியும், மேம். நான் இன்னைக்குக் கண்ணை மூடிக்கறேன். நாலு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிடுவாங்க."

உசோன்கூட, "உக்காருங்க மேம், எனக்கு ஆட்சேபணை இல்ல. இந்த அறையில என்னால வேலை செய்ய முடியாது," என்றார்.

ஜோனலின் வாசற்படிக்கு வந்தாள். எங்கள் வீட்டில் சிறுபிள்ளையாக இருந்தபோதும் எதையும் இரண்டு முறை கேட்கமாட்டாள்.

"தியா," என்றாள்; அத்தையை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பேருக்குத்தான். நீங்க மார்க் போட வேண்டாம். எனக்குக் கம்மியாகூடப் போடுங்க. உக்காருங்க போதும்."

நான் எழுந்தேன். எல்லாரும் நான் உள்ளே வருவதாக நினைத்தார்கள். டீன் வழிவிட்டு நான்காவது நாற்காலியைக் காட்டினார். காலியாக இருந்தது அது ஒன்றுதான். நான் எழுந்தது, நின்றுகொண்டு சொல்ல வேண்டியதை உட்கார்ந்து சொல்லக் கூடாது என்பதற்காக.

"முடியாது, ஜோனலின்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு திரும்பிப் போய், கரும்பலகையை அழித்து, சுண்ணாம்புக் கட்டியைப் பெட்டியில் வைத்து, மேசையிலிருந்து தாலெயோனின் பெயர் அட்டையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனாள். என்னைக் கடந்தபோது நிற்கவில்லை.

"அதிர்ஷ்டம் கெட்ட பொண்ணு," என்றார் பிலோமினா, என் காதில் படும்படி. "செத்தவர்கூட அவளுக்காக எழுந்து வந்தார்."



அவர்கள் கீழே போனார்கள். சன்னல்கள் திறந்தே கிடந்தன. மழை நுண்ணோக்கிகள் மேல் அடித்தது. தேர்வு முடிந்துவிட்டது, இனி நான் உள்ளே போவதில் குற்றமில்லை. போய் ஒவ்வொரு சன்னலாகச் சாத்தினேன். உறைகளைப் போட்டேன். நான்காவது நாற்காலி இன்னும் ஒரு சாண் பின்னால் தள்ளியே இருந்தது. அதில் உட்கார்ந்தேன். மழைக் குளிரில் மேசை, சுவர், என் கைகள் எல்லாம் சில்லிட்டிருந்தன. நாற்காலி சூடாக இருந்தது, ஒருவர் இப்போதுதான் எழுந்து இடம் கொடுத்தது போல.

"ஹொனோ," என்றேன், "நீ இருந்தும் பிரயோசனமில்லாம போச்சே."

பெர்த்திங் கீழிருந்து ஹாரன் அடிக்கும்வரை அங்கேயே இருந்தேன். திரும்பும் வழியில் நானே அவனைச் சந்தை முனை பேக்கரியில் நிறுத்தச் சொன்னேன். ரொட்டி வாங்கினேன். தின்னாமல் அப்படியே பெர்த்திங்கிடம் கொடுத்துவிட்டேன்.

இடம் மணிலாவுக்குப் போய்விட்டது. ஜோனலின் ஜூன்வரை ஒப்பந்தத்தில் இருந்துவிட்டு புருனே போனாள். மகள் எங்கள் வீட்டில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் ஜோனலின் அழைக்கிறாள், குழந்தையோடு பேசுகிறாள், என் தம்பியோடு பேசுகிறாள். என்னிடம் கைப்பேசியைக் கொடுக்கச் சொல்வதில்லை. ஆய்வகத்தைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். இன்னும் காலையில் அதைக் கடந்து போகும் ஒப்பந்த ஆசிரியர்கள் உள்ளே யாரோ இருமுவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் எதைத்தான் காது கொடுத்துக் கேட்பதில்லை.

ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. கல்லறைத் திருநாளன்று என் முதுகுக்குப் பின்னாலேயே பேசினார்கள்: கிழவி பேய்க்குப் பயந்து அந்த நாற்காலியில் உட்காரவில்லை, அதனால்தான் தம்பி மகளின் வேலை போயிற்று என்று. தவறு. நான் பயப்படவில்லை. ஜோனலின் என் தம்பி மகள், அதனால் உட்காரவில்லை.